வளர்ற புள்ளைக்கு ஒரு சைஸ் பெருசு

பொய் சொன்னது நீதான். வளர வளரச் சரியாப் போயிடும் என்று வாய் கூசாமல் சொன்னாய். சொல்லிவிட்டு உன் சோலியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாய். நான்தான் நம்பிக் கெட்டேன். ஒரு முழம் நாடா வாங்கினாலும் ரெண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்து வாங்குகிறவள், உன் ஒற்றைச் சொல்லை மட்டும் இழுத்துப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அமராவதி மனசுக்குள் ஓர் ஆளை நிறுத்திவைத்து இப்படி வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் ஆணா பெண்ணா, கிழமா குமரியா என்பது அவளுக்கே தெரியாது. குரல் ஒன்றுதான் மிச்சம். இடுப்பில் பூவிதா இருந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்தால் அதன் கால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கும். நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் இடிக்கும். பிறந்தபோது மூச்சுவிட மறந்த பிள்ளை. அந்தக் கொஞ்ச நேரத்து மறதிக்குக் காலும் இடுப்பும் கழுத்தும் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கின்றன. போன வாரம் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருக்கிறது, முதலில் இவள் உட்காருகிற வண்டியை மாற்றுங்கள், தள்ளிப்போட்டால் கத்தி வைக்கிற வரைக்கும் போய்விடும் என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்தது. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிகள் வரிசையாய் நிற்கிற ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. கைத்தடியும் வாக்கரும் வீல்சேரும், குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டிகளும் விற்கிற இடம்.

உள்ளே வண்டிகள் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி உயர வரிசைப்படி நின்றன. வந்தவள் முதலில் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பாள் என்று கடைக்காரர் எதிர்பார்த்திருப்பார். அமராவதி பூவிதாவைச் சுவரோரத்து சோபாவில் சாய்த்து, கைப்பையால் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துவிட்டு, நேராகப் போய் ஒரு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறவளுக்குத் திருப்பூர் சொல்லிக் கொடுத்த படிப்பு அது. பன்னிரண்டு வயசில் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனவள். துணியின் முகம் பொய் சொல்லும், உள்பக்கம் சொல்லாது என்பதை மேஸ்திரியிடம் வாங்கிய குட்டோடு சேர்த்துப் படித்தவள். பிறகு எக்ஸ்போர்ட்டில் கழித்துக்கட்டின பிள்ளைத் துணிகளை எடை போட்டு வாங்கி, மூட்டையாய்த் தலையில் வைத்து ஈரோட்டு வாரச் சந்தையில் விரித்து, இன்றைக்குத் தன் பேரில் ஒரு கடை என்று ஆகிவிட்டது. வாய் மட்டும் அந்த மூட்டைக் காலத்து வாய்தான். சந்தையில் அவளுக்குப் பச்சைமிளகாய் என்று பட்டப்பேர். "என்னங்க்கா தேடறீங்க" என்று கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் இம்மானுவேல் என்றார். தையலைத் தேடுகிறேன், ஊசி எத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறது என்று பார்க்கவேண்டும் அண்ணா என்றாள் அவள். இருவரில் யார் மூத்தவர் என்பது இருவருக்கும் தெரியாது. கோயமுத்தூர்க் கடைகளில் அது தெரிந்தாகவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

தையல் நன்றாகவே இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாய் இருந்தது, குறை சொல்ல ஒரு நுனி வேண்டாமா. பெல்ட் தைத்த இடத்தில் ரெண்டு ஓட்டம் ஓடி, குறுக்கே ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தான் எவனோ. கெட்டிக்காரன். பக்கத் திண்டை அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். அமுங்கி மெல்ல எழுகிற பஞ்சு, அவள் ஊரில் தலையணைக்குப் போடுகிற இலவம் இல்லை. கைப்பிடிக்குக் கீழே ஒரு விசை இருந்தது. அழுத்தினால் முதுகும் இருக்கையும் ஒட்டுமொத்தமாய்ப் பின்னால் சாய்ந்தன. முதுகு மட்டும் மல்லாந்தால் பிள்ளை வழுக்கிக்கொண்டு முன்னால் வரும், அது அவளுக்குத் தெரியும், தினமும் பழைய வண்டியில் பார்க்கிறதுதான். இது அப்படி இல்லை. உட்கார்ந்த மடிப்புக் கலையாமல், தொட்டில் ஆடிப் பின்னால் போய் நின்றுவிட்ட மாதிரி சாய்ந்தது. அவள் அழுத்தினாள், நிமிர்த்தினாள். மறுபடி அழுத்தினாள். குனிந்து அடியில் எந்தக் கம்பி எந்தக் கம்பியை இழுக்கிறது என்று பார்த்தாள். ஒருத்தன் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறான். நடக்காத ஒரு பிள்ளையைக் கண் முன்னால் நிறுத்தி, இல்லை, உட்காரவைத்து, இது வழுக்குமே என்று கவலைப்பட்டிருக்கிறான். அவன் வீட்டிலும் ஒரு பூவிதா இருக்குமோ? இல்லாவிட்டால் எப்படித் தெரியும்? சோபாவிலிருந்து பூவிதா சிரித்தாள். அம்மா ஒரு சாமானை உருட்டிப் புரட்டினால் அடுத்து சண்டை வரும் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா போடுகிற சண்டை என்றால் அவளுக்கு உயிர். சந்தையில் யாரோடாவது அமராவதி வரிந்துகட்டும்போதெல்லாம் பழைய வண்டியின் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எச்சில் ஒழுக, தலை ஒரு பக்கம் சரிய, கொக்கரித்துச் சிரிப்பாள்.

இம்மானுவேல் டேப்பை எடுத்துக்கொண்டு பிள்ளை முன்னால் மண்டியிட்டார். டேப் என்றதும் அமராவதிக்கு ரோஷம் வந்தது. தன் பிள்ளைக்கு இன்னொருத்தர் அளவெடுப்பதா, பூவிதாவின் மார்பளவும் தோளளவும் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வருமே. ஆனால் அவர் அந்த அளவு எதையும் எடுக்கவில்லை. இடுப்பின் அகலத்தை ரெண்டு பக்கமும் பலகை வைத்துப் பார்த்தார். முதுகு முடிகிற இடத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரைக்கும் எடுத்தார். உள்மடிப்பிலிருந்து குதிகால், உட்கார்ந்த இடத்திலிருந்து அக்குள். அமராவதி வாயை மூடிக்கொண்டு பார்த்தாள், அது அபூர்வம். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குத் துணி விற்றவள் முழங்காலுக்கு உள்ளே ஓர் அளவு இருக்கிறது என்று நினைத்ததே இல்லை. துணிக்கு அளவெடுக்கிற உடம்பு நின்றுகொண்டு இருக்கும். கையை விரி என்றால் விரிக்கும், திரும்பு என்றால் திரும்பும். உட்கார்ந்தே இருக்கிற உடம்புக்குக் கணக்கு வேறு போலிருக்கிறது. அப்படியானால் பூவிதாவின் கவுன் எல்லாம் முன்னால் வயிற்றில் சுருண்டு, பின்னால் முதுகுக்கு எட்டாமல் மேலே ஏறிக்கொள்வது இதனால்தானா? பின்பக்கம் நீளம் வைத்து முன்பக்கம் குறைத்து வெட்டினால் என்ன? யாரும் வெட்டவில்லையே. நானே வெட்டவில்லையே. ரோசனை அந்தக் கத்தரியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போயிற்று. பின்னால் நாலு விரல் கூடுதல், கழுத்தில் பட்டன் பின்பக்கம் வேண்டாம், சாய்ந்தால் உறுத்தும், தோளில் வை. போன ரோசனை எங்கேயோ தடுக்கி மறுபடி அந்தக் குரலில் வந்து விழுந்தது. வளர வளரச் சரியாப் போயிடும்.

எங்கே வைத்துச் சொன்னாய் நீ? பினாயில் வாசம் அடித்த ஞாபகம், அப்படியானால் ஆஸ்பத்திரி வராந்தா. நர்ஸா? நர்ஸ் என்றால் வெள்ளை உடுப்பு கண்ணில் வரவேண்டும், வரவில்லை. கண்ணாடி வளையல் சத்தம் ஒன்று வருகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிள்ளையை ஒருவாட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே, பவானிக்காரி, அவளா? அவள் மடியில் வைத்ததும் பிள்ளை விறைத்துக்கொண்டது, அவள் முகம் சுருங்கிற்று, அவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். கோயில் வாசலில் திருநீறு போட்டவரா? அவர் வேறு என்னவோ ஒரு பரிகாரம் சொன்னார், பணம் பிடுங்கினார், அவருக்குத் தனியாகத் திட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தங்கமுத்துவைக் கேட்டால், உனக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பாங்க, அதுல ஒருத்தரைப் புடிச்சு என்ன பண்ணப்போறே என்பார். அவருக்கென்ன, மறந்துவிடுகிற வரம் வாங்கி வந்த மனுஷன். ஆயிரம் பேர் சொன்னார்கள், சரி. முதலில் சொன்னது ஒருத்தர்தானே. மத்தவர்கள் சொன்னது காதோடு போயிற்று, அந்த ஒன்று மட்டும் உள்ளே போய் உட்கார்ந்ததே, அது எப்படி? குரலில் ஒரு சலிப்பு இருந்தது, அதனால்தான் நம்பினாள் என்று தோன்றுகிறது. ஆறுதல் சொல்கிற மாதிரி இழைந்து சொல்லியிருந்தால் சந்தைக்காரி நம்பியிருக்க மாட்டாள். மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்க என்கிற மாதிரி, பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன சொல். அந்தத் திரும்பின முகத்தைத்தான் இவள் வருஷக்கணக்காய்த் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறாள். கிட்டே போகிறபோதெல்லாம் அது வேறொரு முகமாகிவிடுகிறது.

அளவெடுத்து முடித்து இம்மானுவேல் கொண்டுவந்து நிறுத்தினது சின்ன வண்டி. வரிசையில் பாதிக்கும் கீழே நின்ற வண்டி. அமராவதிக்குச் சுருக்கென்றது. இதென்ன, பால்குடி மாறாத பிள்ளைக்கா எடுக்கிறோம், அந்தக் கடைசியில் நிற்கிறதே, அதை எடுங்கள் என்றாள். அவர் எடுக்கவில்லை. அந்த அளவு இவளுக்கு ஆகாது, இடுப்புக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விழும், சாய்வாள் என்றார். "வளர்ற புள்ளைங்கண்ணா. ஒரு சைஸ் பெருசா எடுத்தாத்தானே காலத்துக்கும் வரும். நான் என்ற கடையில தெனமும் இதைத்தான் சொல்றனுங்." சொல்லும்போதே அவளுக்குத் தன் கடை வாசல் தெரிந்தது. கவுனைப் பிள்ளையின் மேல் வைத்துப் பார்க்கிற அம்மாக்கள், தோள் இறங்கி, கை விரலை மூடி, குட்டிச் சாமியார் மாதிரி நிற்கிற பிள்ளைகள். யாராவது தயங்கினால் அமராவதி அந்த மந்திரத்தை எடுத்து விடுவாள். வாங்கினவர்கள் யாரும் வந்து சண்டை பிடித்ததில்லை. பிள்ளை வளரும், சட்டை பொருந்தும், அப்புறம் சிறுக்கும், தம்பிக்குப் போகும். இம்மானுவேல் சிரித்தார். சட்டை வேற, இது வேறங்க்கா என்று மட்டும் சொன்னார். சிரிப்புத்தான் அவளைச் சீண்டிற்று. சின்னதைத் தலையில் கட்டிவிட்டால் பிள்ளை வளர்ந்ததும் அம்மாக்காரி திரும்பி உங்கள் கடை வாசலுக்கே வருவாள் என்கிற ஏற்பாடு எங்களுக்குத் தெரியாதா என்று ஒரே மூச்சில் கேட்டாள். கேட்ட வேகத்தில் ஜூஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பூவிதா சோபாவில் கெக்கலி கொட்டினாள்.

பெரிசாய் எடுப்பது தப்பு என்றால் அமராவதி வளர்ந்ததே தப்பு. ஒன்பது வயசில் அவளுக்கு எடுத்த பள்ளிக்கூடப் பாவாடை கணுக்கால் வரைக்கும் வந்தது. அம்மா அதை உள்பக்கமாய் மடித்து மடித்து மூன்று வரிசை தையல் போட்டுவிட்டாள். வருஷம் ஒன்றானால் ஒரு வரிசையைப் பிரிப்பார்கள். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் கருநீலமாய் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள், நான் வளர்ந்துவிட்டேன் என்று அது சொல்லும். மூன்றாவது தையலைப் பிரிக்கிற வருஷம் பள்ளிக்கூடம் இல்லை, பனியன் கம்பெனி. பாவாடை அவளுக்காகக் காத்திருந்தது, அவளால்தான் போக முடியவில்லை. அந்த ஞானத்தோடுதான் பூவிதாவுக்கு நாலு வயசு முடிந்தபோது முதல் வண்டியை எடுத்தாள். பெரிய பிள்ளைகள் உட்காருகிற வண்டி. ரெண்டு பக்கமும் விற்காமல் நின்ற டி-ஷர்ட்டுகளை உருட்டித் திணித்துப் பிள்ளையை நடுவில் சொருகி வைத்தாள். வாங்கும்போது விற்றவனிடம் என்ன சொன்னாள்? வளர்ற பிள்ளை என்றாள். மனசுக்குள் சொன்னது அது இல்லை. இதுதான் முதலும் கடைசியுமான வண்டி என்று சொல்லிக்கொண்டாள். இது சிறுக்கிறதுக்குள் பிள்ளை எழுந்து நடந்துவிடும், நீ சொன்னபடி. இன்னொரு வண்டி வாங்கவேண்டி வரக்கூடாது என்றுதான் அத்தனை பெரிசு. அதனால்தான் இன்று பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்து அவளுக்குக் கால் பின்னால் இழுத்தது. ரெண்டாவது வண்டி. கடைக்குள் வந்து ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்த நேரத்திலேயே அது நடந்துவிட்டது. இனி எவ்வளவு சத்தம் போட்டாலும் நடக்காதது ஆகாது.

அப்படியானால் மூன்றாவதும் உண்டு. நாலாவதும் உண்டு. கடைசியில் நிற்கிற பெரிய வண்டிக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால் பெரியவர்கள் உட்காருகிற வீல்சேர்கள் மடங்கி நின்றன. அமராவதி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். பிள்ளை பெரிசாகும். இப்போதே தூக்கினால் இடுப்பு கழன்று வருகிறது. வயசுக்கு வரும், வராமலா இருக்கும், அப்போது துணி மாற்ற எத்தனை கை வேண்டும்? எனக்கு முழங்கால் தேயும். யார் தூக்குவார்கள், யார் கொண்டையைக் கட்டுவார்கள், சோற்றை எந்தப் பக்கத்துக் கடைவாயில் வைத்தால் புரையேறாது என்று யாருக்குத் தெரியும்? அவள் அந்த ரோசனையை அடித்துத் துரத்தினாள். அது தெருநாய் மாதிரி நாலடி போய் நின்று திரும்பிப் பார்த்தது. நினைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை, எல்லா அம்மாக்களும் பிள்ளை வளரவில்லையே என்று டாக்டரிடம் போகிறார்கள். இவள் மட்டும்தான் பிள்ளையின் கால் கொஞ்சம் நீண்டால் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறாள். வளர்த்தி என்பது யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று எங்கே எழுதியிருக்கிறது?

"ரெண்டுலயும் உக்கார வெச்சுப் பாருங்க்கா, அப்பறம் என்னைத் திட்டுங்க" என்றார் இம்மானுவேல். பெரிய வண்டியையும் தள்ளிக்கொண்டு வந்தார். முதலில் அதில்தான் உட்காரவைக்கச் சொன்னாள் அமராவதி. பூவிதா உள்ளே இறங்கினாள். இறங்கினாள் என்பதுதான் சரி, குளத்தில் கல் இறங்கின மாதிரி. இருக்கை ஆழமாய் இருந்ததால் இடுப்பு முன்னால் வழுக்கிற்று, முதுகு வளைந்தது, உடம்பு பழகின பக்கமாய்ச் சாய்ந்து திண்டில் முட்டி நின்றது. ரெண்டு கையும் தாமாகவே தேடிப்போய் முன்கம்பியைப் பிடித்தன. விரல் வெளுக்கிற பிடி. தலை சரிந்து, ஒரு கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது. அமராவதிக்கு இதில் புதிசாய் ஒன்றும் தெரியவில்லை. தினம் பார்க்கிற கோலம். இதுதான் பூவிதா. அவள் அப்படித்தான் உட்காருவாள், அந்தக் கை அப்படித்தான் எதையாவது இறுக்கிக்கொண்டிருக்கும், தினமும் எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாய்ப் பிரித்துவிட்டாலும் மறுபடி மூடிக்கொள்ளும். வியாதி அது. பாருங்கள், எவ்வளவு தாராளமாய் இருக்கிறது என்றாள் கடைக்காரரிடம். அவர் பிள்ளையின் கம்பி பிடித்த கையைப் பார்த்தார்.

பிறகு சின்ன வண்டி. இடுப்பை இருக்கையின் கடைசி வரைக்கும் தள்ளி உட்காரவைத்து, இடுப்பெலும்புக்குக் குறுக்கே பெல்ட்டை மாட்டினார். பக்கத் திண்டுகளை அக்குளுக்குக் கீழே ரெண்டு பக்கமும் ஒட்டி நிறுத்தினார். கால் பலகையை ஏற்றி, பாதம் முழுசும் படிகிற மாதிரி வைத்தார். சட்டைக்குப் பட்டன் போடுகிற மாதிரிதான் இருந்தது, ஒன்றன்பின் ஒன்றாய், அவசரம் இல்லாமல். கடைசியில் கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். பூவிதா சரியவில்லை. எங்கே சரிவது என்று உடம்பு ஒரு தரம் தேடிப் பார்த்தது, அந்தப் பக்கம் போயிற்று, திண்டு விடவில்லை, திரும்பி வந்து நடுவில் நின்றது. முன்னால் கம்பி இல்லை. அமராவதி பதறிப்போய், கையில் பிடிக்க ஒன்றுமில்லையே, பயந்துக்குவாளே என்று சொல்லப் போனாள். பிடிக்கப் போன கைகள் காற்றில் கொஞ்சம் நின்றன. அப்புறம் வலது கை மெல்ல மடியில் இறங்கிற்று. இடது கை இறங்கவில்லை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாய், எண்ணெய் இல்லாமல், யாரும் பிரிக்காமல், விரிந்தன. தலை நிமிர்ந்து ரெண்டு கண்ணாலும் எதிரே குனிந்திருந்த இம்மானுவேலைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையில் ஒரு பேனா இருந்தது. கை ஆடி ஆடிப் போயிற்று, ஒருமுறை தவறி அவர் தாடையில் தட்டிற்று, அவர் நகரவில்லை, ரெண்டாம் முறை பேனாவைப் பிடித்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. "கண்ணு, அது மாமாவோடது, குடு" என்று அவர் கையை நீட்டினார். பூவிதா பேனாவைக் கவுனுக்குள் சொருகப் பார்த்தாள். முடியவில்லை. நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாய்த் தேடிப் பிடித்து, "த…ர… மாட்டேன்" என்றாள். முழு வாக்கியம். குசும்பு பிடித்த வாக்கியம். மூச்சு சாய்ந்து கிடக்காமல் நேராய் வந்ததால் சத்தமும் பெரிசாய் வந்தது.

அமராவதி சிரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது கையை. அந்தக் கை கெட்டுப்போன கை இல்லை. அது வேலையில் இருந்த கை. அஞ்சு வருஷமாய் அந்த ரெண்டு கையும் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன, விழாமல் பிடித்துக்கொள்கிற வேலை. பொம்மையை எடு கண்ணு என்றால் எப்படி எடுக்கும்? கிளையைப் பிடித்துத் தொங்குகிறவனிடம் மாங்காய் பறித்துக் கொடு என்கிற மாதிரி அல்லவா கேட்டிருக்கிறோம். ஸ்பூன் பிடிக்க மாட்டேன் என்கிறாள், பிடிவாதம் என்று திட்டினோமே. விழுந்துவிடுவேன் அம்மா என்று அந்த விரல் வெளுத்து வெளுத்துச் சொல்லிக்கொண்டே இருந்ததா? சட்டை என்றால் பிள்ளை வந்து சேருகிறவரைக்கும் சும்மா தொங்கிக்கொண்டு காத்திருக்கும், தொளதொளவென்று இருக்கும், கெடுதல் இல்லை. இது காத்திருக்காது போலிருக்கிறது. பெரிசாய் இருக்கிற இடத்தை நிரப்பச் சொல்லிப் பிள்ளையைத்தான் இழுத்து வளைக்கும். அடேயப்பா. அமராவதிக்கு இந்த மாதிரி நேரத்தில் அழுகை வராது, கோபம் வரும். இதை எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? முதல் வண்டி விற்றவன் கைகட்டி நின்று விற்றானே, அவனுக்கு வாய் இல்லையா? இருந்தது, என்னவோ சொன்னான், அவள்தான் பேச விடவில்லை, வாய்க்கு வாய் கொடுத்து ஜெயித்துப் பெரிசை வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நல்ல பேரம் என்று தங்கமுத்துவிடம் பீற்றிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தை அவள் மேலே வரவிடாமல் மிதித்தாள். மிதித்த கால் எங்கே இறங்குவது என்று தெரியாமல், நேராய் உன் மேல்தான் வந்து விழுந்தது. நீ மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால், நான் இன்றைய பிள்ளைக்கு இன்றைய வண்டியை எடுத்திருப்பேன். நாளைக்கு நடக்கப்போகிற பிள்ளைக்கு அல்லவா எடுத்துவிட்டேன்.

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள். சின்னதையே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். அவர் பெருமூச்சு விடுவதற்குள் பேரம் ஆரம்பமாகிவிட்டது. அவர் விலையில் குறைப்பது பற்றிச் சொல்ல வாயெடுத்தார், அமராவதி கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்கு வேண்டியது அது இல்லை. பிள்ளைக்கு இது சிறுத்ததும் இந்த வண்டியை இதே கடை திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும், தேய்மானம் கழித்துக்கொண்டு அடுத்த அளவைத் தரவேண்டும், அதற்கடுத்ததும் அப்படியே. அப்படி ஒரு வழக்கம் இந்தத் தொழிலில் இல்லையே அக்கா என்றார் அவர். என் தொழிலிலும் இருந்ததில்லை, விற்காத சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுதான் திருப்பூர்க்காரன் முதலில் சொன்னான், இன்றைக்குப் போய்க் கேளுங்கள் என்றாள். திரும்பி வந்த வண்டியை நான் என்ன செய்ய என்றார். "இன்னொரு புள்ளை அந்த அளவுக்கு வளராமயா போயிரும்? அதுக்குக் குடுங்க. என்னையாட்டம் எவளாச்சும் வந்து பெருசு வேணும்னு குதிச்சா, ஈரோட்டுக்காரி போன் நம்பரைக் குடுங்க. நான் பேசிக்கறன்." இம்மானுவேல் தலையைச் சொறிந்தார். பேனாவைத் தேடிப் பைக்குள் கைவிட்டார், பேனா இல்லை. பூவிதா அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே, சரி, ஆறு மாசத்துக்கு ஒருதரம் அளவு பார்க்கக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், வராவிட்டால் பேச்சு செல்லாது என்றார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பூவிதாவுக்கு எந்த நிறம் என்று கேட்டபோது, அமராவதி அழுக்குத் தெரியாத சாம்பலைக் காட்டினாள். பிள்ளை பேனாவை நீட்டி மஞ்சளைக் காட்டிற்று. வாரம் ஒருதரம் துவைக்கவேண்டி வரும் என்று அமராவதி முனகினாள், மஞ்சளையே எடுத்தாள்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. மஞ்சள் வண்டி தள்ளத் தள்ள லேசாய்ப் போயிற்று. இடுப்பில் பாரம் இல்லாமல் நடப்பது ஏதோ மறந்துவைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது அமராவதிக்கு. ரெண்டுதரம் திரும்பிக் கடையைப் பார்த்தாள். பூவிதா ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லாரி, ஆட்டோ, ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் சீவுகிறவர் எல்லாவற்றுக்கும் ஒரு கை வெறுமையாய் இருந்தது காட்டுவதற்கு. இத்தனை நாள் இந்தப் பிள்ளை ஊரை ஒரு பக்கமாய்ச் சாய்ந்துதான் பார்த்திருக்கிறது, அதற்கு ஊர் எப்படித் தெரிந்திருக்கும், கட்டடம் எல்லாம் விழப்போகிற மாதிரியா? கேட்கவேண்டும். இப்போது கேட்டால் சொல்லுவாள் போலிருக்கிறது. முதுகில் ஏற்கெனவே விழுந்த சாய்வு இந்த வண்டியால் அப்படியே நிற்குமா, இன்னும் போகுமா என்று கேட்டதற்கு இம்மானுவேல், அதை டாக்டர்தான் சொல்லணுங்க்கா என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதை மட்டும் பேரம் பேச அந்தக் கடையில் ஆள் இல்லை. அந்த ஆள் நீதான். நர்ஸோ, பஸ்காரியோ, கோயில்காரரோ, யாராய் வேண்டுமானாலும் இருந்துகொள், முகத்தைத் திருப்பிக்கொண்டே நில், எனக்கு இனிமேல் உன் முகம் தேவையில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நீ சொன்னாய். இதோ வளர்ந்துவிட்டாள். இன்னும் வளர்வாள், அடுத்த வண்டிக்கும் வளர்வாள், அதற்கடுத்ததுக்கும் வளர்வாள், நான் ஒவ்வொன்றையும் அளவு பார்த்து எடுத்து என் பங்கைச் சுத்தமாய்ச் செய்துகொண்டு வருகிறேன். உன் பங்கு அப்படியே கிடக்கிறது. அந்த முதுகை வந்து நிமிர்த்து. நான் சந்தைக்காரி, பேச்சு என்றால் பேச்சு. சொன்ன சொல்லுக்குச் சரக்கை இறக்கு.